துண்டும் நம்பரும்

பாகூரில் ரயில் கிடையாது, வில்லியனூரில் உண்டு. புதுச்சேரியைச் சேர்ந்த இந்த இரண்டு கொம்யூன்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இதை ஒரு பெரிய வித்தியாசமாகச் சொல்லமாட்டார்கள். பாகூருக்கு ஒரு பெரிய ஏரி என்றால் வில்லியனூர்ப் பக்கத்துக்கு ஊசுட்டேரி. அங்கே மூலநாதர் என்றால் இங்கே திருக்காமீசுவரர். இரண்டிலும் வயல், இரண்டிலும் வெயில், இரண்டிலும் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன ‘கொம்யூன்’ என்ற சொல். ஆனால் பிரயாணம் என்று புறப்பட்டுவிட்டால், “இது யாருடைய இடம்?” என்ற ஒரு கேள்விக்கு இரண்டு ஊர்களும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. பாகூர் சொல்லும் பதில் துண்டு. வில்லியனூர் சொல்லும் பதில் நம்பர்.

துண்டு விஷயம் வாசகர்களுக்குப் புதிதல்ல. பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக ஒரு துண்டு உள்ளே பறந்து போய் ஸீட்டில் விழும். துண்டுக்கு உடையவர் பின்னால் சாவகாசமாக வருவார். துண்டு இல்லாதவர்கள் பையைப் போடுவார்கள், குடையைப் போடுவார்கள், அவசரத்துக்குக் கைக்குழந்தையைக்கூட ஜன்னல் வழியே உள்ளே விடுவார்கள். இந்தச் சட்டத்தை எந்தச் சபையும் இயற்றவில்லை. ஆனாலும் கண்டக்டர் இதை மதிக்கிறார். சண்டைக்கார ஆசாமி மதிக்கிறான். துண்டு கிடக்கும் இடத்தில் சட்டென்று உட்கார மனம் கூசுகிறது. இந்த வழக்கம் நம் பாஷைக்குள்ளேயே புகுந்துவிட்டது. தேர்தலில் ஒரு தொகுதியின்மேல் கண் வைத்தவனை, “இப்போதே துண்டு போட்டு வைத்திருக்கிறான்” என்கிறோம். மாமன் மகளைப் பற்றியும் அப்படியே சொல்கிறோம்.

பாகூர், இடத்துக்கு எல்லை கட்டுவதில் பழக்கப்பட்ட ஊர். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களை விட்டுக்கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேடுகளில் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு நிலத்தை ஒருவருக்குக் கொடுத்தால், எல்லையில் கல்லும் கள்ளியும் நாட்டுவது வழக்கம். இன்றையத் துண்டு அந்தக் கல்லுக்கும் கள்ளிக்கும் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில், 1752 இல், இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இதே பாகூரில் பெரிய சண்டை போட்டார்கள். யார் இடம் யாருக்கு என்பதுதான் வழக்கு. இரண்டு பேர் கையிலும் டிக்கட் இல்லை என்பது வேறு விஷயம்! அவர்கள் போட்ட துண்டுகளின் விளைவை இன்றும் பார்க்கலாம். புதுச்சேரியிலிருந்து பாகூருக்குப் போகிற வழியில் தமிழ்நாட்டு எல்லை நடுவில் வந்துவிட்டுப் போகிறது. ஒரு குடும்பத்துக்கு வேறு வேறு பெட்டிகளில் இடம் கிடைத்த மாதிரி புதுச்சேரி மாநிலம் பிரிந்து கிடக்கிறது.

துண்டுச் சட்டத்தை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆனால் இரண்டு குற்றங்களும் இருக்கின்றன. முதலாவது, துண்டை வீசுவதற்கு ஓடும் காலும் எறியும் கையும் வேண்டும். கூடையோடு வருகிற கிழவிக்கும், வயிற்றில் பிள்ளையோடு வருகிற பெண்ணுக்கும் அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. இரண்டாவது குற்றம் பழையது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தோளில் துண்டு போடுவதற்கே எல்லோருக்கும் உரிமை இருந்ததில்லை. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் இருந்தார்கள். திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும், கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதெல்லாம் பிறப்பிலேயே ரிசர்வ் செய்யப்பட்டிருந்தன. அந்த ரிசர்வேஷனை ரத்து செய்ய எந்தக் கவுண்டரும் கிடையாது.

இப்படிப்பட்ட தேசத்துக்குள்தான் ரயில் வந்தது. விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு வண்டி ஓட ஆரம்பித்தது 1879 ஆம் ஆண்டு டிசம்பரில். தமிழின் முதல் நாவல் என்று நாம் சொல்கிற ‘பிரதாப முதலியார் சரித்திர’மும் அதே 1879 இல்தான் அச்சாயிற்று. நாவல் எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவனுக்கு இந்தப் பொருத்தம் தற்செயல் என்று விட்டுவிட மனம் வருவதில்லை. ரயில் வண்டி, முன்பின் தெரியாதவர்களை எதிரும் புதிருமாக உட்கார வைத்தது. நாவலும் அதைத்தான் செய்தது: முன்பின் தெரியாத ஒருவரின் மனத்துக்குள் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைத்தது. “அவன் இடத்திலிருந்து பார்” என்று தமிழில் சொல்கிறோமே, அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் நாவலுக்கு உள்ள ஒரே வேலை.

பழைய சாதி ஒழுங்கு ரயிலைக் கண்டு சும்மா இருந்துவிடவில்லை. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று பலகை வைத்துப் பிரித்திருந்தார்கள். பெரியாரின் இயக்கம் விடாமல் எதிர்த்த பிறகு 1941 இல்தான் அந்தப் பேதம் எடுபட்டது. ஆனால் பெட்டிக்குள்ளே டிக்கட் டிக்கட்தான். பிற்பாடு ரிசர்வேஷன் வந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நம்பர் வந்தது. அந்த நம்பருக்குக் குலம் கோத்திரம் தெரியாது. உன் ஊர் எது, தெரு எது, அப்பா யார் என்று அது கேட்பதில்லை. 32 என்றால் 32. நம் ஊர்களில் ஓர் ஏழைக்கு, “இது உன் இடம், யார் வந்தாலும் நீ எழுந்திருக்க வேண்டியதில்லை” என்று எழுதிக் கொடுத்த பத்திரங்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் ரயில் டிக்கட் ஒன்று.

அதனால்தான் பிறர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும் பழக்கத்தை ஓர் அற்பத் தொந்தரவு என்று என்னால் எண்ண முடியவில்லை.

இந்தப் பழக்கத்தை நன்றாகப் பார்க்க வேண்டுமானால் நள்ளிரவு விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போக வேண்டும். வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகிறவர்களில் பலர் விழுப்புரத்துக்கு வந்து வண்டி மாறுகிறார்கள். தெற்கே போகும் இரவு வண்டிகள் எழும்பூரிலேயே நிரம்பிவிடுகின்றன. விழுப்புரத்துக்கு வருவதற்குள் விளக்கை அணைத்துப் பாதிப் பெட்டி தூங்கிவிடும். நடுவழியில் ஏறுகிறவனுடைய தலைவிதி இதுதான்: அவன் எப்போதும் பிறர் படுத்திருக்கும் இடத்துக்கே வருகிறான். கீழ்ப் படுக்கையில் ஒரு கனவான் போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். எதிரே முழங்கால் வலிக்காரப் பெரியவரும் அவர் மனைவியும் மூட்டையோடு நிற்கிறார்கள்.

“ஐயா, இது எங்க நம்பருங்க.”

“அதுக்கென்ன பெரியவரே? மேலே காலியாத்தானே இருக்கு. ஏறிப் படுங்க.”

“முட்டி மடங்காதுங்க. அதுக்குத்தான் மவன் கீழ் இடமாப் போட்டுக் குடுத்தான்.”

“ஒரு ராத்திரிதானே? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?”

பெரியவர் மனைவியைப் பார்க்கிறார். மனைவி, “வுடு, ஏன் சண்டை?” என்கிறாள். அவள் மூட்டையைத் தலைக்கு வைத்துக் கீழே தரையில் சாய்கிறாள். அவர் கதவோரம் போய் நிற்கிறார். கையில் இருந்த நம்பர் கையிலேயே இருக்கிறது.

அந்தக் கனவானிடம் டிக்கட் இல்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். பேஷாக இருக்கிறது! அதே பெட்டியில் அவருக்கு நடுப் படுக்கை. ஏறி இறங்குவது சிரமம். தவிர, கீழே இருந்தால் செல்போனுக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்வது சௌகரியம். ஆண்களில் 60 வயதானவர்களுக்கும் பெண்களில் 45 வயதானவர்களுக்கும் கீழ்ப் படுக்கைகளில் ஒரு பங்கை ரயில்வே ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த ஒதுக்கீட்டுக்குப் பின்னால் யாரோ ஒரு காரியாலய உத்தியோகஸ்தர் முழங்கால் வலிக்காரரின் இடத்திலிருந்து யோசித்திருக்கிறார். அந்த யோசனையை இந்தக் கனவான் ஒரு போர்வையால் மூடிவிட்டார்.

‘அட்ஜஸ்ட்’ என்ற இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இங்கிலீஷில் இது ஒரு சாதுவான வார்த்தை. தமிழில் வந்து சேர்ந்த பிறகு ஒரு கட்டளையாகிவிட்டது. இது எப்போதும் ஒரே திசையில்தான் பாயும். சூட்கேஸ்காரர் மூட்டைக்காரரைப் பார்த்துச் சொல்வார். நான்கு பேராக வந்தவர்கள் தனியாக வந்த பெண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். உரத்த குரல் மெல்லிய குரலைப் பார்த்துச் சொல்லும். மெல்லிய குரல் உரத்த குரலைப் பார்த்து ‘அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்’ என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. திண்ணையில் இருந்த பழைய ஒழுங்கு, பிறப்பு என்ற பெயரை விட்டுவிட்டு, ‘அட்ஜஸ்ட்’ என்ற புதுப் பெயரில் ரயில் பெட்டிக்குள் ஏறிவிட்டது.

1893 ஜூன் 7 ஆம் தேதி இரவு, தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் முதல் வகுப்பு டிக்கட்டோடு உட்கார்ந்திருந்த காந்தியை, வேறு பெட்டிக்குப் போகச் சொன்னார்கள். அவர் மறுத்தார், இறக்கிவிட்டார்கள். அந்த அநீதியையும் நம் கீழ்ப் படுக்கைத் தகராறையும் ஒரே தராசில் வைப்பது நியாயமல்ல. அங்கே ஒரு ராஜாங்கமே நிறவெறியோடு நின்றது. ஆனால் கேட்கப்பட்ட காரியம் ஒன்றுதான்: ‘டிக்கட் உன்னுடையதாக இருக்கலாம்; இடம் உன்னுடையது அல்ல.’ அந்த வாக்கியத்தை எதிர்த்துப் புறப்பட்டவருடைய படத்தை ரூபாய் நோட்டில் வைத்திருக்கும் நாம், அதே வாக்கியத்தை நள்ளிரவில் ஒரு கிழவரிடம் சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாமா?

“அப்படியானால் ரயிலில் யாரும் யாருக்கும் ஓர் உதவியும் செய்யக் கூடாதா? எல்லோரும் நம்பரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விட்டுக்கொடுத்தல் நம் ஜனங்களுடைய பெரிய குணம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் சொல்கிறேன். விட்டுக்கொடுப்பதற்கு முதலில் கையில் ஒன்று இருக்க வேண்டும். “ஐயா, என் தாயாருக்கு மேலே ஏற முடியாது. உங்கள் இடத்தைக் கொடுத்து உதவ முடியுமா?” என்று ஒருவன் நின்றுகொண்டு கேட்கிறான். அவன் என் இடம் என்னுடையது என்று ஒப்புக்கொண்டுவிட்டான். இப்போது நான் கொடுத்தால் அது தானம். கொடுக்காவிட்டாலும் அவன் என்னைத் திட்ட முடியாது. இன்னொருவன் உட்கார்ந்துகொண்டு கேட்கிறான். அவன் இடத்தையும் எடுத்துக்கொண்டான். அதைக் கொடுக்கும் புண்ணியத்தையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டான். நான் கேட்டால் கஞ்சன், வம்புக்காரன்; கேட்காவிட்டால் ஏமாளி. கேட்டுவிட்டு உட்காருவதற்கும் உட்கார்ந்துவிட்டுக் கேட்பதற்கும் நடுவில் இருக்கிற தூரம் இதுதான். ‘இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்’ என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்து ஆசாமி, இடத்தைக் கொடுக்கும் வரையிலாவது காத்திருந்தான்!

தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ கதையை வாசகர்கள் படித்திருப்பீர்கள். ரயிலில் நடக்கும் கதை. வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போகப்படும் ஒரு சிறுமி. தகப்பனாரோடு வரும் ஒரு சிறுவன். அவன் தன்னிடம் இருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளுக்குக் கொடுக்கிறான். அவ்வளவுதான் நடக்கிறது. படிக்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறிகிறது. காரணம், அது அவனுடைய பழம், யாரும் கேட்கவில்லை, யாரும் பிடுங்கவில்லை. “என்ன, ஒரு பழம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்று யாராவது அதை முன்பே எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்திருந்தால் பழம் போய்ச் சேர்ந்திருக்கும், சிலிர்ப்பு வந்திருக்காது.

சட்டத்துக்கும் இந்த விஷயம் தெரிந்தே இருக்கிறது. 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 155 ஆம் பிரிவு, பிறருக்கு ரிசர்வ் ஆன இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ரயில்வே ஊழியர் சொல்லியும் எழுந்திருக்க மறுப்பவரை அப்புறப்படுத்தலாம் என்றும், 500 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்றும் சொல்கிறது. அதோடு நின்றுவிடவில்லை. தனக்கென்று ரிசர்வ் ஆகாத பெட்டியில் மற்றவர்களை ஏற விடாமல் தடுக்கிறவருக்கும் அதே பிரிவு 200 ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. பிறர் இடத்தைத் தன் இடம் என்பதும் குற்றம்; பொது இடத்தைத் தன் இடம் என்பதும் குற்றம். இரண்டும் ஒரே வியாதி என்பதைச் சட்டம் எழுதியவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் பிரயாணிகளின் பெயர்ப் பட்டியலைப் பெட்டியின் வாசலில் ஒட்டி வைப்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன்கூட விரலை வைத்துக் காட்டி, “இதோ என் பெயர்” என்று நாலு பேர் அறியச் சொல்லலாம். 2018 ஆம் ஆண்டிலிருந்து அந்த வழக்கம் குறைந்து போயிற்று. காகிதம் மிச்சமாயிற்று, செல்போனில் குறுஞ்செய்தி வருகிறது. ஆனால் சுவரில் இருந்த சாட்சி போய்விட்டது. டிக்கட் பரிசோதகர் எத்தனையோ பெட்டிகளைக் கடந்து வந்து சேர்வதற்குள் ராத்திரி பாதி போய்விடும்.

ஆகாய விமானத்தில் படித்தவர்கள்தாமே போகிறார்கள், அங்கே இந்தத் தொந்தரவு இராது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. பாகூர்ப் பக்கத்திலும் வில்லியனூர்ப் பக்கத்திலும் பிரான்ஸில் பிள்ளையோ பேரனோ உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைக் கேட்டுப் பாருங்கள். விமானத்தில் இப்போது ஜன்னலோர இடத்துக்குத் தனிப் பணம், காலை நீட்டிக்கொள்ளும் இடத்துக்குத் தனிப் பணம். பேரப்பிள்ளை அந்தப் பணத்தைக் கட்டி, பாட்டி மேகத்தைப் பார்த்துக்கொண்டு வரட்டும் என்று ஜன்னலோரம் போட்டுக் கொடுத்திருப்பான். பாட்டி வருவதற்குள் அங்கே ஒரு தம்பதி அமர்ந்திருப்பார்கள். “நாங்கள் சேர்ந்து உட்கார வேண்டும், நீங்கள் பின்னால் நடு ஸீட்டுக்குப் போய்விடுங்கள் அம்மா” என்பார்கள், மிக மரியாதையாக. சேர்ந்து உட்கார ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் நல்லதை எடுத்துக்கொண்டு மட்டமானதைக் கொடுப்பதற்கு மாற்றிக்கொள்வது என்று பெயர் இல்லை. தங்கள் நடு ஸீட்டைக் காட்டி, அதைவிட நல்ல இடத்தைக் கேட்க அவர்களுக்குத் தோன்றுகிறது. பாட்டியின் இடத்துக்குப் பணம் கட்டிய பேரனின் மனம் தோன்றவில்லை.

இனி, நம்பரை இவ்வளவு தூரம் புகழ்ந்த பிறகு அதன் குறையையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியவனாவேன். நம்பர் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. 2024 நவம்பரிலிருந்து ரயிலில் 60 நாள் முன்னதாக இடம் பதிவு செய்யலாம்; அதற்கு முன்பு 120 நாள். மாதச் சம்பளக்காரருக்குத் தீபாவளி எந்தத் தேதி என்று முன்பே தெரியும். நாற்று நடும் கூலிக்காரருக்கு அடுத்த வாரம் எங்கே வேலை என்பது தெரியாது. சாவுச் செய்தி ரிசர்வேஷன் செய்துகொண்டு வருவதில்லை. காந்தி 1917 இல் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றி எழுதியபோது, 22 பேருக்கான பெட்டியில் 35 பேர் வரை இருந்ததைச் சொன்னார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974 இல் எடுபட்டது. முன்பதிவில்லாத பெட்டியின் நெரிசல் எடுபடவில்லை. பெட்டிகளை அதிகமாக இணைக்க வேண்டும் என்று கேட்பதும், கேட்டுக்கொண்டே இருப்பதும் நம் கடமை.

ஆனால் அந்த நெரிசலிலிருந்து தப்பித்து ரிசர்வ் பெட்டிக்குள் வந்துவிட்ட ஏழையைப் பாருங்கள். அவன் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் குந்தியிருக்கிறான். யாராவது நடந்தால் காலை மடக்கிக்கொள்கிறான். கறுப்புக் கோட்டைக் கண்டால் எழுந்துவிடுகிறான். ஒரு சின்னக் குழந்தையோடு நிற்கும் தாய், “கொஞ்ச நேரம் ஓரமா உட்காரட்டுங்களா?” என்று அனுமதி கேட்கிறாள். அப்படிக் கேட்கிறவளுக்குப் பகல் வேளையில் நகர்ந்து இடம் கொடுக்காதவன் கையில் நம்பர் இருந்தும் என்ன பிரயோஜனம்? இடம் இல்லாதவர்கள் கேட்கிறார்கள். இடம் உள்ளவர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். பிறர் படுக்கையில் போர்வையை விரிப்பவர் பெரும்பாலும் சொந்த நம்பர் உள்ளவர்தான்.

நமக்கு இதில் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டமும் வேண்டாம், பரிசோதகரும் வேண்டாம். பக்கத்தில் ஒருவர் நம்பரோடு வந்து நிற்கும்போது, “அவர் இடம் அது, எழுந்திருங்கள் சார்” என்று எதிரே உட்கார்ந்திருக்கிற மூன்றாவது மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாகூர் பஸ்ஸில் துண்டுக்கு மதிப்பு இருப்பது அந்த மூன்றாவது மனிதரால்தான். துண்டைத் தள்ளிவிட்டு உட்காருகிறவனைப் பார்த்து, “ஏம்பா, துண்டு கிடக்குதே, தெரியல?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். படித்தவர்கள் நிறைந்த ரயில் பெட்டியில் எல்லோரும் செல்போனைப் பார்க்கிறார்கள். ஒரு கந்தல் துண்டுக்குக் கிடைக்கிற சாட்சி, ராஜாங்கம் அச்சடித்துக் கொடுத்த நம்பருக்குக் கிடைப்பதில்லை.

கீழ்ப் படுக்கை வேண்டுமா? தாராளமாகக் கேளுங்கள். நம் ஜனங்கள் கொடுக்கக்கூடியவர்கள். ஆனால் நின்றுகொண்டு கேளுங்கள். இல்லை என்று சொன்னால், முகத்தைச் சுளிக்காமல் உங்கள் நம்பரைத் தேடிப் போங்கள்.